மலை ஏரிக்கு ஒரு நாள் நடை: கிளம்பும் முன் என்ன யோசிக்கணும்?

"எல்லாரும் கொடைக்கானல் ஏரிக்கு ஒரு நாள் நடந்து போயிட்டு வரலாமே" என்று போன மாதக் கூட்டத்தில் மூன்று குழுக்கள் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் போன வருஷம் நாங்கள் போன கதையைக் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். நாங்கள் ஏரியைப் பார்க்காமலே திரும்பி வந்தவர்கள்!

பாலை சொசைட்டியில் ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேன் கிளம்பும்போதே ஏழரை மணி. வட்டக்கானல் போய்ச் சேர 11 ஆகிவிட்டது. அங்கிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கினோம். இறங்கும்போது சிரிப்பும் பாட்டும்தான். திரும்பி ஏறும்போது பாதிப் பேருக்கு மூச்சு வாங்கியது. பனிமூட்டம் வேறு வந்து, முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்களில் ஒரு அக்காவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. என்ன கேட்டாலும் மாற்றி மாற்றிப் பேசினார். சாமி வந்திருக்கு என்றுகூட ஒருத்தர் சொன்னார்.

சாமியும் இல்லை, காற்றுச் சேட்டையும் இல்லை. அக்காவுக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருமே என்று பயந்து எதுவும் சாப்பிடவில்லை. மாத்திரை ஒரு பக்கம் சர்க்கரையைக் குறைக்கிறது, நடை இன்னொரு பக்கம் குறைக்கிறது, வயிறோ காலி. நல்லவேளையாக ஒருத்தர் பையில் கடலை மிட்டாயும் வெல்லமும் இருந்தது. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பிறகு இட்லி சாப்பிட வைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்.

அதனால் முதல் விஷயம் இதுதான். யாருக்கு சர்க்கரை, யாருக்கு பிரஷர், யாருக்கு முட்டிவலி, யாருக்கு இழுப்பு என்று முன்கூட்டியே ஊக்குநரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நடக்கிற அன்று மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று கிராம செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். நீங்களாகவே நிறுத்தாதீர்கள். யாராவது மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குச் சொல்லுங்கள். வாந்திக்குப் பயப்படுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். பட்டினி கிடக்காதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. காட்டு வேலைக்கு நடக்கிற நமக்கு இது ஒரு தூரமா என்று தோணும். வட்டக்கானலிலிருந்து பாறைக்குப் போய் வந்து, ஏரிக்கு நடந்து, ஏரியையும் சுற்றினால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். சமதரையில் மணிக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறவர், கூட்டமாக மேட்டில் ஏறும்போது இரண்டு, இரண்டரைதான் நடப்பார். எல்லாரையும்விட மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போகணும். அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். கடைசியில் ஒரு பொறுப்பான ஆள், கையில் விசில். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைக் கெடுக்கும், முட்டிவலிக்காரர்கள் பாறைக்கு இறங்க வேண்டாம். வேனிலேயே ஏரிக்குப் போய்க் காத்திருக்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

இந்தத் தடவை காலை நாலரைக்குக் கிளம்பி, எட்டு மணிக்குள் நடக்க ஆரம்பித்து, பனிமூட்டம் இறங்கும் முன் பாறையிலிருந்து ஏறிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். மதியச் சாப்பாடு ஏரிக்கரையில். மூன்றரைக்கு வேன் கிளம்பிவிடும். பால், பிள்ளைகள், மாமியார் சாப்பாடு எல்லாவற்றையும் அன்று ஒரு நாள் வீட்டு ஆம்பளைங்க பார்த்துக்கட்டுமே! முதல் நாளே சொல்லி வைத்தால் பார்த்துக்கொள்கிறார்கள், கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

அந்த ஏரி தானாக உண்டானது இல்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் 1863-இல் ஓடைகளை மறித்துக் கட்டியது. சுமார் 60 ஏக்கர், சுற்றி வர 5 கிலோமீட்டர், தார் ரோடு, மேடு பள்ளம் இல்லை. கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே இருப்பதால் நம்ம ஊரைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர் கூடுதல். ஸ்வெட்டர் இல்லையென்றால் கனத்த துண்டாவது எடுங்கள்.

காட்டுக்குள் குறுக்கு வழி தெரியும் என்று யாராவது கூப்பிட்டால் போகவே கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதில் பெண்களும் உண்டு. காய்ந்த புல்லில் தீ மேட்டைப் பார்த்து ஓடும், நம்மால் அந்த வேகத்தில் ஏற முடியாது. அதற்கப்புறம் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டு வந்தது. காட்டுப்பாதை எதுவானாலும் வனத்துறையிடம் கேட்டு, அனுமதி வாங்கித்தான். பிப்ரவரி முதல் கோடை மழை வரும்வரை காட்டு நடையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

வண்டி விஷயம். லோடு வண்டியில் ஏறிப் போகிற பேச்சே கூடாது. வாடகை வேன் என்றால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இந்த முறை இருக்கிறது. டிரைவரிடம் முன்னாடியே கேட்டு, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் போனால் அது தேவையில்லை. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மேலே தடை, எவர்சில்வர் பாட்டிலோ தூக்கோ எடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

புளிச்சாதம், வறுத்த கடலை, வெல்லம் போதும். குரங்கு பையைப் பிடுங்கும், கையில் தின்பண்டம் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். கொடைக்கானல் தெருவிலேயே காட்டுமாடு வரும். நம்ம ஊர் மாடு மாதிரி தட்டிக் கொடுக்கப் போக வேண்டாம், ஒதுங்கி நில்லுங்கள். புதுச் செருப்பு போட்டு வராதீர்கள், கால் கொப்பளித்துவிடும். தேய்ந்த செருப்பும் வழுக்கும். வழியில் கழிப்பறை குறைவு, அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் நம்மில் பலர் செய்கிற தப்பு. வேன் நிற்கும் இடத்திலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் வரலாம், மாற்றுத் துணியும் பழைய பேப்பரும் பையில் இருக்கட்டும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு குழுவில் சேமிப்புப் பணத்தை எடுத்து வேன் வாடகை கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. அது உள்கடனுக்கான பணம். அதில் கை வைத்தால், வர முடியாத உறுப்பினர் பணத்திலும் நாம் சுற்றுலா போனதாகிவிடும். எங்கள் குழுவில் வர விரும்புகிறவர்கள் மட்டும் மாதம் 50 ரூபாய் தனியாகப் போட்டோம். தனி நோட்டு, தனிக் கையெழுத்து. 22 பேர், 10 மாதம், 11,000 ரூபாய் சேர்ந்தது. இதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நின்றுவிட்டவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், எங்களுக்கு அதில்தான் ஒரு மாதம் மனஸ்தாபம் ஆனது.

போன வருஷம் மயங்கின அக்கா இந்த வருஷமும் பேர் கொடுத்திருக்கிறார். பையில் வெல்லம் முதல் ஆளாக அவர்தான் எடுத்து வைத்திருக்கிறாராம். வருகிற மற்றவர்கள் பெயர், வீட்டு போன் நம்பர், சாப்பிடும் மாத்திரை மூன்றையும் ஒரு தாளில் எழுதி அடுத்த கூட்டத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஒரு பிரதி வேனில் இருக்கும், இன்னொன்று ஊரில் இருக்கிற பிரதிநிதியிடம் இருக்கும்.