ராத்திரி பத்து மணிக்கு மேல் பரிசல் ஓடும்

குனிந்து வாருங்கள், ஷட்டர் தலையில் இடிக்கும். பாதி இறக்கியாயிற்று. பகல் முழுக்க வருமானச் சான்றிதழும் ஹால் டிக்கெட்டுமாகத் துப்பிக்கொண்டிருந்த பிரிண்டர் தூங்கப் போய்விட்டது. பாலக்கோட்டில் என் சித்தப்பா நடத்தும் பிரவுசிங் சென்டர் இது. மொத்தம் 4 கம்ப்யூட்டர். பத்து மணிக்கு மேல் நாலும் என் ராஜ்ஜியம். பாருங்கள், நாற்காலியில் ஆளே இல்லை, நாலு திரையிலும் செஸ் காய்கள் பறந்துகொண்டிருக்கின்றன! ஒரு ஆட்டம் சுமார் 20 விநாடி. முடிந்த நொடியே அடுத்தது. விடிவதற்குள் 5,000 ஆட்டம் தாண்டிவிடும்.

ஆடுவது நான் எழுதிய புரோகிராம். பெயர் பரிசல். எதிரில் ஆடுவதும் பரிசல்தான், நேற்றைய பரிசல். இன்று செய்த மாற்றம் தேறுமா என்று பார்க்கத்தான் இந்த மோதல்.

பெயர்க் காரணம் கொஞ்சம் அவமானமானது. முதன்முதலில் அது ஜெயிக்கிற நிலைக்கு வந்த ஆட்டம் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு ராணி, ஒரு யானை அதிகம். (புத்தகத்தில் கோட்டை என்று போட்டிருப்பார்கள், எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது யானைதான்.) எதிராளிக்கு மிச்சம் ஒற்றை ராஜா. மேட் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. என்ன செய்தது தெரியுமா? ராணியை அந்தப் பக்கம் வைத்தது. இந்தப் பக்கம் வைத்தது. மறுபடி அந்தப் பக்கம். ஒரே நிலை மூன்று முறை வந்து ஆட்டம் டிரா! ஒகேனக்கலில் டூரிஸ்ட்டுகள் அலறட்டும் என்று பரிசல்காரர் ஒரே இடத்தில் சுற்றிவிடுவாரே, அதேதான்.

உள்ளே நோண்டிப் பார்த்தால் தப்பு என்னுடையது. மேட் என்றால் ஒரு பெரிய மதிப்பெண் என்று மட்டும் எழுதியிருந்தேன். இப்போதே மேட் செய்தாலும் மூன்று நகர்த்தல் கழித்துச் செய்தாலும் அதற்கு ஒரே மார்க். அப்புறம் என்ன அவசரம்? கையில் மேட் இருக்கிறது என்ற நிம்மதியில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம். எத்தனை நகர்த்தல் தள்ளியிருக்கிறதோ அத்தனை மார்க் குறை என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். சுற்றல் நின்றது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சரி, மூடியைக் கழற்றிக் காட்டுகிறேன். செஸ் பலகையில் 64 கட்டம். இந்தக் கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் கையாளும் எண்ணில் 64 பிட். எனக்காகவே யாரோ ஏற்பாடு செய்த மாதிரி இல்லை? ஒரு பிட் ஒரு கட்டம். வெள்ளைக் குதிரைகள் எங்கெங்கே நிற்கின்றன என்பது ஒரே ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும். ஆறு வகைக் காய், இரண்டு நிறம், ஆக 12 எண்ணில் பலகை முழுதும். குதிரையைத் தாவவைக்க அந்த எண்ணை 6, 10, 15, 17 இடம் முன்னோ பின்னோ தள்ளினால் போதும். ஓரத்தைக் கவனிக்காமல் தள்ளினீர்களோ, வலது ஓரத்துக் குதிரை இடது ஓரத்தில் முளைக்கும். என் குதிரை ஒரு வாரம் அப்படித்தான் முளைத்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சரிபார்க்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் செய்கிற ஒரு சோதனை உண்டு. பெர்ஃப்ட் என்பார்கள். தொடக்க நிலையிலிருந்து எத்தனை விதமாக நகர்த்தலாம் என்று எண்ணச் சொல்வது. முதல் நகர்த்தலுக்கு 20. எதிராளியின் பதிலோடு 400. அப்புறம் 8,902. அப்புறம் 1,97,281. ஐந்தாவது படியில் 48,65,609. உலகத்தில் எவர் எழுதினாலும் இதே எண்கள் வர வேண்டும், ஒன்று கூடக்கூடாது, குறையக்கூடாது. எனக்கு நாலு படியும் அச்சு அசலாக வந்தன. ஐந்தாவதில் 48,65,351.

258 குறைகிறது! இரண்டு ராத்திரி. டீக்கடைக்காரரிடம்கூட 258 பற்றிப் பேசியிருக்கிறேன். கடைசியில் அகப்பட்டது: ஆன் பாசான். இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்து நிற்கிற சிப்பாயை, ஒரு கட்டம்தான் வந்தது என்று பாவித்து வெட்டுகிற விதி. ஆட்டத்தில் அது முதன்முதலாக நடக்கக்கூடிய இடமே ஐந்தாவது படி, வெள்ளையின் மூன்றாவது நகர்த்தல். அப்படி வெட்டுகிற வழிகள் மிகச் சரியாக 258. அதை எழுதவே மறந்திருந்தேன். திருத்தி ஓட்டியதும் 48,65,609 வந்து நின்றது பாருங்கள், நான் போட்ட சத்தத்தில் சித்தப்பா உள்ளிருந்து ஓடிவந்தார். "என்னடா, எவனாவது ஓ.டி.பி. கேட்டானா?"

1982-இல் டேவிட் ஹோர்ன் என்பவர் ஸெட்எக்ஸ்81 என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கு 672 பைட்டில் ஒரு செஸ் புரோகிராம் எழுதினார். காலையில் உறவினர் அனுப்புகிற குட் மார்னிங் ரோஜாப்பூ அதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. இடம் போதாமல் கோட்டை கட்டுதல், சிப்பாய்க்குப் பதவி உயர்வு, ஆன் பாசான் மூன்றையும் விட்டுவிட்டார். அந்த 258-இல் மாட்டாத மகராசன்!

அதற்கும் முன்னால் ஆலன் டூரிங். அவர் எழுதிய செஸ் புரோகிராமை ஓட்ட ஏற்ற இயந்திரம் அன்று இல்லை. 1952-இல் அவரே கம்ப்யூட்டராக உட்கார்ந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம்போல எடுத்துக்கொண்டு, அலிக் கிளென்னி என்பவரோடு ஆடினார். 29 நகர்த்தலில் தோல்வி. எனக்கு அதில் ஒரு ஆறுதல்.

பரிசல் எப்படி யோசிக்கிறது என்று சித்தப்பா ஒருநாள் கேட்டார். தக்காளி மண்டியைச் சொன்னேன். நல்ல பெட்டி ஒன்று ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறீர்கள். அடுத்த பெட்டியைத் திறந்ததும் மேலேயே அழுகல். மிச்சத்தைக் கிளறுவீர்களா? மாட்டீர்கள், அடுத்த பெட்டிக்குப் போய்விடுவீர்கள். பரிசலும் அப்படித்தான்: இந்த நகர்த்தலுக்கு எதிராளியிடம் ஒரு சரியான அடி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், அவருடைய மற்ற பதில்களைப் பார்ப்பதில்லை. அழுகல் முதலில் கண்ணில் பட்டால் வேலை சுளுவு. ஆகவே காயை வெட்டுகிற பதில்களை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு மாற்றத்தில் அது பாய்ந்த பாய்ச்சல், அடடா! "மண்டிக்காரனுக்குத் தெரியாததா?" என்று சித்தப்பா போய்விட்டார்.

அல்பத்தனமும் அதற்கு உண்டு. ஆழம் ஐந்து என்று வைத்தால் ஐந்தாவது படியில் கண்ணை மூடிக்கொள்ளும். அந்தக் கடைசிப் படியில் ராணியைக் கொண்டு ஒரு சிப்பாயை வெட்டிவிட்டு, லாபம் 100 என்று குதிக்கும். ஆறாவதில் 900 மதிப்புள்ள ராணி போகப்போவதை யார் சொல்வது? வெட்டுக்குத்து ஓயும்வரை கண்ணை மூடாதே என்று தனியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது.

இனி வேடிக்கைப் பகுதி. நான் பெருமைப்பட்டு எழுதிய யோசனைகளில் பாதிக்கு மேல் குப்பைக்கூடைக்குப் போயின. திறந்த வரிசையில் யானை நின்றால் இவ்வளவு மார்க் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். 5,000 ஆட்டம் முடிந்து பார்த்தால் நேற்றைய பரிசலிடம் உதை வாங்கியிருக்கிறது. இன்னொரு நாள் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி விழுந்துவிட்டது. சுத்தமான தட்டச்சுப் பிழை. பலம் கூடிவிட்டது! அந்த வரியில் இன்றுவரை கை வைக்கவில்லை, பக்கத்தில் "தொடாதே" என்று குறிப்பு மட்டும். ஒருமுறை 4,000 ஆட்டம் முடிந்த நேரத்தில் கரண்ட் போய், முடிவுகள் மொத்தமும் காற்றோடு போயின. ஆட்டத்துக்கு ஆட்டம் கோப்பில் எழுதிவைக்கும் புத்தி அதற்குப் பிறகு வந்ததுதான்.

செஸ் புரோகிராம்களின் உலகத்தில் எனக்குக் குலதெய்வம் மாதிரி ஒரு புரோகிராம் உண்டு. பெயர் அரசன். தமிழ் அரசனேதான்! எழுதியவர் ஜான் டார்ட் என்ற அமெரிக்கர். செஸ் பிறந்தது இந்தியாவில், ராஜாதான் ஆட்டத்தின் உயிர் என்று நம் மொழியிலிருந்து பெயர் எடுத்திருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். 1990களின் முற்பாதியில், விண்டோஸ் 3.1 காலத்தில் ஆரம்பித்த வேலை, முப்பது வருஷம் தாண்டியும் நிற்கவில்லை. மூலநிரல் யாரும் எடுத்துப் படிக்கலாம். அவர் பராமரிக்கும் ஃபேதம் என்ற சின்னத் தொகுப்பை வேறு பல செஸ் புரோகிராம்களும் உள்ளே வைத்திருக்கின்றன. காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில் ஜெயமா, டிராவா என்று தயார் அட்டவணையிலிருந்து பார்த்துச் சொல்லும். பொழுதுபோக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள். அந்தக் காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் சும்மாவும் இல்லை: 1998-இல் எட் ஷ்ரோடரின் ரெபல் நம்ம விஸ்வநாதன் ஆனந்தையே 5–3 என்று வீழ்த்தியது. வேக ஆட்டங்களில்தான் அடி. நிதானமான இரண்டு ஆட்டங்களில் ஆனந்த் 1½–½ என்று முன்னால் நின்றார்.

இப்போதைய அரசனுக்குள் நரம்பு வலைப்பின்னல் வந்துவிட்டது. கோடிக்கணக்கான நிலைகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்ட மதிப்பெண்கள். என் பரிசலில் இன்னும் "குதிரை நடுவில் நின்றால் 20" என்று கையால் எழுதிய வரிகள். மாற்றச் சொல்கிறார்கள். இருக்கட்டும், மெதுவாக.

போன மாதம் ஆசை தாங்காமல் அரசனோடு 200 ஆட்டம் வைத்தேன். காலையில் வந்து பார்த்தால் 199 தோல்வி. ஒரு டிரா! கை நடுங்க அந்த ஆட்டத்தைத் திறந்தேன். பாதிப் பெருமை தொடக்க நகர்த்தல்களை வரிசையாகக் கொடுத்த கோப்புக்குத்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். டிராவுக்கு வாகான நிலையில் கொண்டுவந்து விட்டிருந்தது. அதற்கப்புறம் பரிசல் ராணியை எடுத்தது. அந்தப் பக்கம் செக். இந்தப் பக்கம் செக். மறுபடி அந்தப் பக்கம்.

"சித்தப்பா! சுத்துது சித்தப்பா, அரசனையே சுத்துது!"

"கத்தாதடா. ஜாதிச் சான்றிதழுக்கு ஆள் நிக்குது, ஷட்டரைத் தூக்கு."