டெல்லியில் 20,000 ரூபாய்க்கு யாரால் வேலை பார்க்க முடியும்?

போன மாதம் கோட்டைப்பட்டினம் போயிருந்தப்போ அக்கா மகன் ஒரு கேள்வி கேட்டான். பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்திருக்கிறான். "மாமா, டெல்லில எம்.பி. கூட ஒரு வருஷம் வேலை பார்க்கலாமாமே, அப்ளை பண்ணவா?" உடனே "பண்ணுடா" என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் சாஃப்ட்வேர்காரன் புத்தி, முதலில் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

அவன் சொன்னது பி.ஆர்.எஸ். என்ற டெல்லி ஆய்வு நிறுவனம் 2010-ல் தொடங்கிய 'லேம்ப்' ஃபெலோஷிப். 25 வயதுக்குட்பட்ட பட்டதாரி ஒருவரை ஒரு எம்.பி.யுடன் சுமார் 11 மாதம் சேர்த்துவிடுவார்கள். மசோதாவைப் படித்துச் சுருக்கிக் கொடுப்பது, அவையில் கேட்கக் கேள்வி தயாரிப்பது, பேச்சுக்குத் தரவு தேடுவது எல்லாம் அந்தப் பிள்ளையின் வேலை. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உதவித்தொகை 2019 வாக்கில் மாதம் 20,000 ரூபாய்.

இப்போ கணக்கு. அறையைப் பங்கு போட்டாலும் 9,000. சாப்பாடு 6,000. மெட்ரோ, போன், சில்லறைச் செலவு 3,000. மிச்சம் 2,000. இது என் தோராயம்தான், கூடக் குறைய இருக்கலாம். அட்வான்ஸ், லேப்டாப், ரயில் டிக்கெட், டெல்லிக் குளிருக்கு ஸ்வெட்டர் இதெல்லாம் இதில் சேரவில்லை.

பிழைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் வீட்டுக்கு ஒரு பைசா அனுப்ப முடியாது. எங்க ஊரில் 22 வயசுப் பையன் ஒன்று படகில் போவான், இல்லாவிட்டால் வெளிநாடு போவான். அவன் சம்பளத்தை நம்பி ஒரு தங்கச்சி கல்யாணமோ, அடகில் இருக்கிற நகையோ காத்திருக்கும். அந்த ஒரு வருஷச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதுதான் இந்த வேலைக்கான உண்மையான நுழைவுக் கட்டணம். அப்பா பணம் அனுப்பும் பிள்ளைக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

எம்.பி.க்கள் கஞ்சத்தனம் செய்கிறார்களா என்றால், விஷயம் அவ்வளவு எளிதில்லை. 2018 திருத்தத்துக்குப் பிறகு எம்.பி.யின் அலுவலகப் படி மாதம் 60,000 ரூபாய். அதில் 20,000 எழுதுபொருள், தபால் செலவுக்கு. மீதி 40,000-தான் உதவியாளர் சம்பளம். 2025-ல் அது 50,000 ஆனது. எங்கள் ராமநாதபுரம் தொகுதியில் 16 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். டெல்லியில் ஒருவர், தொகுதியில் ஒருவர் என்று வைத்தாலே அந்தத் தொகை இரண்டாகப் பிரிந்துவிடும்.

அமெரிக்காவில் கீழவை உறுப்பினர் ஒருவர் 18 நிரந்தரப் பணியாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் இதே பிரச்சினை இருந்தது. வெள்ளை மாளிகையில் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குச் சம்பளம் என்பதே 2022-ல்தான் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் கீழவைப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 45,000 டாலர் என்று வைத்தார்கள்.

இன்னும் பின்னால் போனால், 1838-ல் பிரிட்டனின் சார்ட்டிஸ்ட் இயக்கம் வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று, எம்.பி.க்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்பது. சம்பளம் இல்லையென்றால் சொத்துள்ளவன் மட்டும்தானே உள்ளே வருவான்! அது நிறைவேற 1911 வரை ஆனது, வருடத்துக்கு 400 பவுண்டு. எம்.பி.க்குச் சொன்ன அதே நியாயம் எம்.பி.யின் உதவியாளருக்கும் பொருந்தும்தானே?

இதெல்லாம் யாரோ நாலு பேர் வேலை வாய்ப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று தோன்றலாம். எங்க ஊர் விசைப்படகுகளை இலங்கைக் கடற்படை பிடிக்கும்போதெல்லாம் டெல்லிக்குக் கடிதம் போகிறது, அவையில் கேள்வி எழுகிறது. "எத்தனை பேர் கைது?" என்ற கேள்வியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆள் திரும்பி வந்த பிறகும் படகு வரவில்லையே, அதன் கடனை யார் கட்டுவது என்ற கேள்வி, அந்தக் கடனைப் பார்த்து வளர்ந்தவனுக்குத்தான் சட்டென்று தோன்றும்.

தமிழ்நாடு அரசு 2022-ல் கொண்டுவந்த முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு வருடம், மாதம் 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ் தெரிந்திருக்க வேண்டும், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு வயது வரம்பில் தளர்வு. ஆனால் அது அரசுத் துறைகளுக்கான வேலை, எம்.பி., எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு அல்ல. கலை, அறிவியல் படித்தவர்கள் என்றால் முதுகலையும் வேண்டும். அக்கா மகனுக்கு அந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது.

கடைசியில் அவனிடம் "அப்ளை பண்ணு, கிடைச்சா முதல் மூணு மாசச் செலவை நான் பார்த்துக்கிறேன்" என்றேன். சந்தோஷமாகப் போய்விட்டான். எனக்குத்தான் உறுத்தல். ஐ.டி.யில் ஒரு மாமா இருப்பதால் அவனுக்கு வழி கிடைத்தது. அப்படி ஒரு மாமா இல்லாத பையனும் அதே தெருவில்தான் இருக்கிறான்.