கருங்காலி நாற்காலி யாருடையது?

வள்ளூர் அனல்மின் நிலையத்தைக் கடந்து வடக்கே போனால் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வணிகத்துக்குத் தலைமையிடமாக வைத்திருந்த ஊர் இது. அதே நூற்றாண்டில் இந்தக் கரையில் ஐரோப்பியருக்காகச் செதுக்கப்பட்ட கருங்காலி நாற்காலிகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர், இவற்றை டியூடர் மன்னர் காலத்து ஆங்கிலேயப் பொருள் என்று நம்பி, தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்தார். கறுத்த மரமும் முறுக்குக் கால்களும் அவர் கண்ணுக்குப் பழைய இங்கிலாந்தாகவே தெரிந்தன. நம் தச்சரின் உழைப்பு இன்னொரு நாட்டின் பழம்பெருமைக் கணக்கில் நெடுங்காலம் இருந்தது வருத்தத்துக்குரியது. இந்த நாற்காலிகளை நம் கரையின் கலையாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நாற்காலி என்ற வடிவமே ஐரோப்பியரின் தேவைதானே என்று கேட்கலாம். உண்மைதான், பாயிலும் திண்ணையிலும் உட்கார்ந்த ஊருக்கு அது அவசியப்படவில்லை. ஆனால் நாற்காலி கேட்ட ஐரோப்பியர் சொன்னது சட்டகத்தை மட்டும். அதை நிரப்பியது உளி பிடித்த கை. கருங்காலியின் வைரம் தண்ணீரில் மூழ்கும் அளவு கனமானது, உளியின் கூரைச் சீக்கிரம் மழுக்குவது. அதன் நெருங்கிய இழையோ நுண்ணிய இதழ் விளிம்பையும் சிதையாமல் தாங்கும். காலை முதலில் கடைசலில் உருட்டி, பிறகு முறுக்கின் வரியைக் குறித்துக் கையால் குடைந்தெடுத்தார்கள். முந்தைய நாற்காலிகளில் மேலோட்டமான கொடிகளுக்கு நடுவே பறவைகளும் கடற்கன்னியரும் வருவார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை நெருங்கும்போது பெரிய பூக்கள் ஆழமாகப் புடைத்து நிற்கும். இடம் விடாமல் படரும் அந்தக் கொடியைப் பார்த்தால், இதே கரையின் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய வண்ணத்துணிகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. இருக்கையில் பின்னிய பிரம்பு வெக்கைக்கு ஏற்றது. 1660-களுக்குப் பிறகு இங்கிலாந்திலேயே பிரம்பு நாற்காலி பரவியபோது, அந்தப் பாடம் ஆசியாவிலிருந்துதான் போனது.

எந்த நாற்காலியிலும் செய்தவர் பெயரோ ஊரோ இல்லை, பழவேற்காட்டுக்கு என்ன உரிமை என்பது இன்னும் வலுவான மறுப்பு. அந்த ஊர்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் சோழமண்டலக் கரை என்று பொதுவாகவே குறிக்கிறார்கள், அதுவே நேர்மை. கையொப்பம் இல்லாததால் உரிமை இல்லை என்றாகிவிடாது. அப்படிப் பார்த்தால் நம் தேர்ச் சிற்பங்களில் பெரும்பாலானவற்றுக்கும் உரிமையாளர் இருக்க மாட்டார்கள்.