மறைந்து தோன்றும் பொம்மை

தாயின் உருவம் கண்ணைவிட்டு அகன்றதும் குழந்தை கதறும் பிரிவுத் தவிப்பு, பெரும்பாலும் 8 மாத வாக்கில் தொடங்கி, இரண்டாம் வயதின் முற்பகுதியில் மிகுந்து, 3 வயதை ஒட்டித் தணிகிறது. மறைந்த பொருளும் எங்கோ இருக்கிறது என்னும் அறிவை உளவியலார் பொருள் நிலைப்பு என்பர். இவ்வறிவு முளைத்த குழந்தை தாய் வேறெங்கோ இருப்பதை உணர்ந்தாலும், காலத்தை அளக்கும் திறன் இன்னும் வாய்க்காததால் அவள் எப்போது திரும்புவாள் என்பதை அறியாது. ஆகவே அந்த அழுகையைப் பிடிவாதம் எனக் கண்டிப்பது பெருந்தவறு.

சிக்மண்ட் பிராய்ட் 1920இல் வெளியிட்ட நூலொன்றில், ஒன்றரை வயதுப் பேரன் நூல் கட்டிய மர உருளையைக் கட்டிலின் விளிம்புக்கு அப்பால் எறிந்து மறைத்து, பின்னர் நூலை இழுத்து மீட்டு மகிழ்ந்ததை விவரித்து, தாயின் பிரிவைச் செயலற்றுப் பொறுத்திருந்த குழந்தை அதைத் தன் கையாலேயே நிகழ்த்திப் பார்த்தது என விளக்கினார். இவ்விளையாட்டுக்கு ஏற்ற பொம்மையை வீட்டிலேயே செய்து தரலாம்: காகிதக் குவளையின் அடியில் துளையிட்டு, நுனியில் தாயின் படத்தை ஒட்டிய ஐஸ்கிரீம் குச்சியை அதில் நுழைத்தால், குச்சியை இழுக்கும்போது தாய் மறைவாள், மேலே தள்ளும்போது தோன்றுவாள். குவளையின்மேல் குழந்தையே வண்ணம் கிறுக்கட்டும். அழகைவிட அதன் கை பட்டிருப்பதே இங்கு முதன்மையானது.

பிரித்தானியக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், தாய்க்கும் வெளியுலகுக்கும் நடுவே குழந்தை பற்றிக்கொள்ளும் துணி, பொம்மை முதலியவற்றை 1951இல் இடைநிலைப் பொருள் எனக் குறித்தார். பருத்திச் சேலைத் தூளியில் உறங்கி வளர்ந்த தமிழ்க் குழந்தைக்கு, தாயின் பழஞ்சேலையைச் சுருட்டி முடிச்சிட்ட பொம்மை அத்தகையதாக அமையக்கூடும். எனினும் தேர்வு குழந்தையுடையதே. தொண்டையில் சிக்கும் என்பதால் பொத்தான், மணி ஆகியவற்றைத் தைக்காமல் கண்களை நூலால் தைக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில் இதை வைத்தலாகாது. வாசனையே அதன் உயிர் என்பதால் அடிக்கடி துவைக்காதிருத்தல் நன்று.

குழந்தை ஒட்டுவதிலும் கிறுக்குவதிலும் ஆழ்ந்திருக்கும்போது சொல்லாமல் நழுவிச் செல்வது, அக்கைவினையையே ஏமாற்றின் அடையாளமாக்கிவிடும். சுருக்கமாக விடைபெற்று, "தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்" என நாளின் நிகழ்வொன்றைக் குறித்து, சொன்னபடியே திரும்ப வேண்டும். பால்வாடியிலும் பொம்மையைப் பிடுங்கி வைப்பதோ, பிறருக்குக் கொடுக்கும்படி வற்புறுத்துவதோ கூடாது. வளர வளர அது துயரமின்றியே பொருளிழந்து ஒதுங்கிவிடும் என்பது வினிகாட்டின் கணிப்பு.