எண்ணி வைக்காத உயிர்கள்

கோஸ்டா ரிக்காவின் மோன்டேவெர்டே மலைக்காட்டில் 1987இல் பொன் தேரைகள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இனப்பெருக்கத்துக்காகக் கூடின. ஆண் தேரை உடல் முழுக்க ஆரஞ்சு நிறம். அந்த மலையின் சில சதுர கிலோமீட்டரை விட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது. மறு ஆண்டு தேடியவர்களுக்குப் பத்துதான் தென்பட்டன. 1989இல் ஒன்றே ஒன்று, அதுவே கடைசி. 2004இல் அற்றுப்போன இனமாக அது அறிவிக்கப்பட்டது.

1999இல் 'நேச்சர்' இதழில் ஆலன் பவுண்ட்ஸும் சக ஆய்வாளர்களும் ஒரு விளக்கம் தந்தார்கள். கடல் சூடேறுவதால் மலையில் மேகம் படியும் மட்டம் மேலே போகிறது, வறண்ட மாதங்களில் மூடுபனி இல்லாத நாட்கள் கூடுகின்றன, ஈரத்தை நம்பி வாழும் உயிர்களால் அதைத் தாங்க முடியவில்லை என்றார்கள். புவி வெப்பமாதலின் முதல் பலி என்ற பெயர் பொன் தேரைக்கு ஒட்டிக்கொண்டது.

ஏறக்குறைய அதே நேரத்தில் இன்னொரு தடயமும் வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் கூட்டமாகச் செத்த தவளைகளின் தோலில் கைட்ரிட் என்னும் பூஞ்சை இருப்பதை 1998இல் கண்டுபிடித்தார்கள். வெப்பமாதல்தான் இந்தப் பூஞ்சைக்கு ஏற்ற சூழலை உண்டாக்கியது என்று பவுண்ட்ஸ் குழு 2006இல் இரண்டையும் இணைத்துப் பார்த்தது. பூஞ்சை ஒரு தொற்று அலையாக இடம்விட்டு இடம் பரவியதே அந்தத் தரவில் தெரிகிறது, அதற்கு வெப்பத்தின் துணை தேவைப்படவில்லை என்று கேரன் லிப்ஸ் குழு 2008இல் மறுத்தது. 2010இல் மோன்டேவெர்டே மரங்களின் கட்டையிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்தவர்கள், அங்கே நீண்டகாலமாகக் கூடிவரும் வறட்சி என்று எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். பதிவாகியிருந்தது 1986-87இன் எல் நினோ கொண்டுவந்த கடும் வறட்சி. எல் நினோ வழக்கமாக வந்துபோவது.

இதனால் வெப்பமாதல் பொய்யாகிவிடாது. இந்த ஒரு வழக்கில் சாட்சியம் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவசரத் தீர்ப்புக்கு விலை உண்டு. இந்தப் பூஞ்சையால் குறைந்துபோன நீர்நில வாழ் இனங்கள் 501 என்றும், அவற்றில் 90 அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019இல் மதிப்பிட்டார்கள். பூஞ்சையைக் கண்டம் கண்டமாகச் சுமந்து சென்றதில் தவளை வணிகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வெப்பத்தைக் கைகாட்டிவிட்டு நகர்ந்தால் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் செய்ய வேண்டிய சோதனை யாருக்கும் நினைவுக்கு வராது.

பெரிய எண்களிடமும் இதே நிதானம் வேண்டும். 1970க்கும் 2020க்கும் இடையே கண்காணிக்கப்பட்ட காட்டுயிர்க் கூட்டங்கள் சராசரியாக 73 சதவீதம் சரிந்தன என்று உலக இயற்கை நிதியம் 2024இல் சொன்னது. உலகின் விலங்குகளில் 73 சதவீதம் செத்துவிட்டதாகப் பலர் அதைப் படித்தார்கள். அது அப்படியல்ல. சுமார் 35,000 கூட்டங்களில் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் மாறியது என்று பார்த்து எடுத்த சராசரி அது. நூறு பத்தாகக் குறைந்த சிறு கூட்டம் அந்தச் சராசரியைப் பலமாகக் கீழே இழுக்கும். இதே கணக்கின் முந்தைய தரவில் மிக மோசமாகச் சரிந்த, நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவான கூட்டங்களை நீக்கினாலே சராசரிச் சரிவு மறைந்துவிடுவதை 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. இழப்பு சில இடங்களில் குவிந்திருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டுமே தவிர, இழப்பே இல்லை என்றல்ல. நிதியத்தின் இந்தச் சராசரி காரணத்தையும் சொல்வதில்லை. 2019இல் ஐபிபிஇஎஸ் என்னும் பன்னாட்டு அறிவியல் அமைப்பு காரணங்களை வரிசைப்படுத்தியபோது நிலமும் கடலும் பயன்படுத்தப்படும் விதம் முதலிடத்திலும், வேட்டையும் மீன்பிடியும் போன்ற நேரடிச் சுரண்டல் இரண்டாமிடத்திலும் இருந்தன. காலநிலை மாற்றம் மூன்றாவது. இதுவரை.

வெப்பமாதல் மீதான வழக்கு வலுவாக நிற்கும் இடம் அலாஸ்கா.

2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கின் பெரும்பரப்பு வழக்கத்துக்கு மாறாகச் சூடேறிக் கிடந்தது. ஆய்வாளர்கள் அதற்கு 'பிளாப்' என்று பெயர் வைத்தார்கள். 2015-16 குளிர்காலத்தில் கலிஃபோர்னியா முதல் அலாஸ்கா வரையான கரைகளில் சுமார் 62,000 காமன் மர் பறவைகள் செத்து ஒதுங்கின. பார்வைக்குச் சிறிய பெங்குவின் போலிருந்தாலும் பறக்கக்கூடிய கடற்பறவை அது. ஒதுங்கியவை பெரும்பாலும் எலும்பும் தோலுமாக இருந்தன. மர் ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதியளவு மீன் தின்றாக வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள் இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். நீர் சூடானபோது அது தின்னும் சிறு மீன்கள் எண்ணிக்கையிலும் கொழுப்பிலும் குறைந்தன. அதே சூட்டில் காட் போன்ற பெரிய மீன்களுக்குப் பசி அதிகமாகி, மிச்சமிருந்த சிறு மீன்களை அவையும் தின்றன. கடைசியில் காட் மீனும் சரிந்தது. அலாஸ்கா வளைகுடாவின் கூட்டாட்சிக் கடற்பகுதியில் 2020இல் காட் மீன்பிடியையே நிறுத்த வேண்டியதாயிற்று.

கரையில் ஒதுங்கியதை வைத்து மொத்தச் சாவு ஐந்து லட்சத்திலிருந்து பன்னிரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்று முதலில் கணித்தார்கள். 2024 டிசம்பரில் ஹெதர் ரென்னர் குழு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கணக்கு இதை மிகச் சிறியதாக்கிவிட்டது. பதின்மூன்று இனப்பெருக்கத் தளங்களில் வெப்பத்துக்கு முந்தைய ஏழு ஆண்டுகளையும் பிந்தைய ஏழு ஆண்டுகளையும் ஒப்பிட்டபோது செத்தவை சுமார் நாற்பது லட்சம் என்று தெரிந்தது. அலாஸ்காவின் மர் பறவைகளில் பாதி அது. விஞ்ஞானிகள் மிகைப்படுத்துகிறார்கள் என்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: முதல் மதிப்பீடு தவறியது குறைத்துச் சொன்னதில்.

இந்தக் கணக்கை நம்புவதற்குக் காரணம், வெப்பம் வருவதற்கு முன்பே அங்கே ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதே. சாவு எப்படி நேர்ந்தது என்பதற்கு உடலியல் விளக்கமும் இருக்கிறது. இத்தனை தொலைவில் சிதறிக் கிடக்கும் தளங்களில் ஒரே சமயத்தில் வந்த சரிவை உள்ளூர் வேட்டையோ எண்ணெய்க் கசிவோ விளக்காது. சங்கிலியில் மிஞ்சும் கண்ணி, அந்த வெப்பத்துக்கும் மனிதர் எரித்த எரிபொருளுக்கும் உள்ள தொடர்பு. பிளாப் உருவாக உடனடிக் காரணம் விலகாமல் நின்ற ஓர் உயர் அழுத்தப் பகுதி; அது இயற்கையாகவும் நேரலாம். ஆனால் இவ்வகைப் பெரிய கடல் வெப்ப அலைகள் நேரும் வாய்ப்பு மனிதச் செயலால் இருபது மடங்குக்கும் மேல் கூடிவிட்டதாக 2020இல் லாஃப்கொட்டர் குழு கணக்கிட்டது. நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவே. இதுவே போதுமான அளவுக்கு மோசம்.

இதில் எனக்கு அச்சம் தருவது நாற்பது லட்சத்தைவிட அது நடந்த விதம். ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக இறங்கி எச்சரித்த சரிவல்ல இது. ஒரே வெப்ப அலையில் பாதி போயிற்று. 2022 வரை மீட்சிக்கான அறிகுறியும் இல்லை. இதேபோல் கஜகஸ்தானின் சைகா மான்களில் இரண்டு லட்சத்துக்கும் மேல் 2015 மே மாதம் மூன்றே வாரத்தில் செத்தன. வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரப்பதமும் நிலவிய நாட்களில், அவற்றின் உடலில் சாதுவாக இருந்த பாக்டீரியா கொல்லும் நோயாக மாறியது. அந்த மான் இன்று அங்கே இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. சைகா இரட்டைக் குட்டி போடும், வேட்டைத் தடுப்பும் கைகொடுத்தது. மர் ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். கடலின் சூட்டைத் தடுக்கக் காவலரும் இல்லை.

போக்கு தெளிவாகட்டும், பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கு பிராம்பிள் கே தீவு இருக்கிறது. டோரஸ் நீரிணையில் மூன்று மீட்டர் உயரம்கூடத் தாண்டாத மணல் திட்டு அது. அங்கே மட்டும் காணப்பட்ட மெலொமிஸ் என்னும் எலியைக் காக்க 2008இல் ஒரு மீட்புத் திட்டம் எழுதப்பட்டது. திட்ட காலத்துக்குள் காலநிலை மாற்றத்தால் அதற்குப் பெரிய பாதிப்பு வராது என்று அதில் குறித்திருந்தார்கள். 2009க்குப் பிறகு அந்த எலியை யாரும் பார்க்கவில்லை. 2004இல் 2.16 ஹெக்டேராக இருந்த செடிகொடிப் பரப்பு, கடல்நீர் திரும்பத் திரும்ப ஏறியதில் 2014 மார்ச்சில் 0.065 ஹெக்டேராகிவிட்டது. அதே ஆண்டு 900 பொறி-இரவுகள் (பொறிகளின் எண்ணிக்கையை அவை வைக்கப்பட்ட இரவுகளால் பெருக்கிய அளவு) தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. 2019 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு அது அற்றுப்போனதை ஏற்றுக்கொண்டது.

இனி நம் வரையாடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் வாழ்வதால், வெப்பம் கூடும்போது அதற்கு மேலே ஏறிப்போக இடமில்லை. தமிழ்நாட்டின் முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில், 2024இல், 1,031 வரையாடுகள் இருந்தன. அடுத்த ஆண்டு 1,303. பெருகிவிட்டதாக மகிழ்வதற்கு முன், இரண்டாவது கணக்கெடுப்பு முதலாவதைவிடக் கூடுதல் பகுதிகளில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அன்னிய மரங்கள் புல்வெளியைத் தின்ற கதை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழையது. அந்த இழப்பையும் வெப்பத்தின் இழப்பையும் பிரித்துக் காட்ட, அதே இடங்களில் அதே முறையில் எடுத்த பல ஆண்டுக் கணக்கு தேவை. நம்மிடம் இருப்பது அதன் முதல் பக்கங்கள் மட்டும். 25.14 கோடி ரூபாயில் தொடங்கிய வரையாடு திட்டத்தின் காலம் 2027இல் முடிகிறது. 2028இலும் 2038இலும் அதே மலைகளில் ஏறி எண்ணுவதற்கான ஆட்களையும் பணத்தையும் இப்போதே ஒதுக்க வேண்டும்.