அசையாத காற்று

1911-ஆம் ஆண்டு ஜூன் 27. அண்டார்டிகாவில் அது நடுக்குளிர்காலம். பகலிலும் சூரியன் எழாத மாதம். கேப்டன் ஸ்காட்டின் குழுவிலிருந்து எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-காரர்ட் என்ற மூன்று பேர் முகாமை விட்டுக் கிளம்பினார்கள். கேப் க்ரோஸியர் முனையில் எம்பரர் பெங்குவின்கள் அடைகாக்கும் முட்டைகளை ஆராய்ச்சிக்காகக் கொண்டுவர வேண்டும். ஐந்து வாரம் நீண்ட அந்தப் பயணத்தில் வெப்பநிலை ஒரு கட்டத்தில் மைனஸ் 60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கியது.

அவர்களுடைய படுக்கைப் பைகள் ரெயின்டீர் மான்தோலால் ஆனவை. உள்ளே செருகிக்கொள்ள ஈடர் வாத்தின் தூவியால் செய்த உறைகளும் இருந்தன. திரும்பி வந்து நிறுத்துப் பார்த்தபோது பைகளின் மொத்த எடை இருமடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. ஏறிய எடை எல்லாம் பனிக்கட்டி. இரவில் உடம்பிலிருந்தும் மூச்சிலிருந்தும் வெளியேறிய ஈரம் பையின் அடுக்குகளுக்குள் போய் உறைந்தது. பகலில் அது உலர வழியில்லை. அடுத்த இரவின் ஈரம் அதன்மேல் சேர்ந்தது. கடைசியில், விறைத்துக் கிடந்த பைக்குள் உடம்பை நுழைப்பதே ஒவ்வோர் இரவும் ஒரு போராட்டமாகிவிட்டது. மூவரும் உயிரோடு திரும்பியது வியப்புதான்.

குளிர்காலத்தில் இமயமலையில் நடக்கத் திட்டமிடும் நண்பர்கள் முதலில் கேட்பது, “எத்தனை டிகிரி ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம்?” என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மூவரும் பட்ட பாடு அதற்கு முந்தைய ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது: இந்தப் பை எதை வைத்து நம்மைக் காப்பாற்றுகிறது, அதை எது கெடுக்கும்? இது தெரிந்துவிட்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பைக்குச் சொந்தமாக வெப்பம் கிடையாது. தூங்கும் மனித உடல் ஏறக்குறைய 70 முதல் 80 வாட் வரை வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த ஓட்டத்தை மெதுவாக்குவது மட்டுமே பையின் வேலை. அதைச் செய்வது பைக்குள் இருக்கும் காற்று. காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். தண்ணீர் அதைவிட ஏறக்குறைய 24 மடங்கு வேகமாகக் கடத்தும். ஆனால் காற்றை அசையவிட்டால் அதுவே வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும், சுழற்சி தொடங்கும். ஆகவே காற்றைப் பிடித்துச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து, அசையாமல் நிறுத்தி வைக்க வேண்டும். அதைச் செய்யும் பொருளின் எடையோ மிகக் குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதைத் தோளில் சுமந்து ஏறப்போகிறவர் நாம்.

வாத்தும் கூஸ் வாத்தும் இந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டன. அவற்றின் மேல் இறகுகளுக்கு அடியில், மார்பிலும் வயிற்றிலும் இருக்கும் மென்மையான உள்ளிறகுதான் தூவி. கடைகளில் டவுன் என்கிறார்கள். மேல் இறகுக்கு இருப்பதுபோன்ற நடுத்தண்டு இதற்கு இல்லை. ஒரு சிறு மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் நுண்ணிழைகள் பிரிகின்றன. எருக்கம் விதை காற்றில் மிதக்கும்போது விரிந்து நிற்குமே, ஏறக்குறைய அந்தத் தோற்றம். ஒவ்வோர் இழையிலிருந்தும் அதைவிட மெல்லிய கிளைகள் போகின்றன. அவை ஒன்றையொன்று தள்ளி விலக்கியே வைக்கின்றன. அமுக்கினால் அடங்கும், விட்டால் மறுபடி விரியும். நெடுநல்வாடையில், வாடைக் காற்று வீசும் கூதிர்கால இரவில், அரசியின் கட்டில்மேல் விரித்திருக்கும் அணையும் அன்னத்தின் தூவியால் ஆனதே. குளிர் நாட்டு மலையேறிகளுக்கு முன்பே இந்தப் பொருளின் அருமையை அறிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

மலையேற்றத்தில் தூவிக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஃபின்ச். ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியலாளர். செர்ரி-காரர்ட் தன் அண்டார்டிகா அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்ட அதே 1922-இல், பிரிட்டிஷ் எவரெஸ்ட் குழுவோடு போனார். பலூன் செய்யும் துணியில் ஈடர் வாத்தின் தூவியை அடைத்து, தானே வடிவமைத்த ஒரு நீண்ட மேலங்கி அவரிடம் இருந்தது. கம்பளியும் ட்வீடும் அணிந்த சக பயணிகளுக்கு அது முதலில் வேடிக்கையாகத் தெரிந்தது. மேலே போகப் போகப் பொறாமையாக மாறியது. அந்த மே மாதம் ஃபின்ச்சும் ஜெஃப்ரி புரூஸும் ஆக்ஸிஜன் உதவியோடு ஏறக்குறைய 8,300 மீட்டர் உயரத்தை எட்டினார்கள். அதுவரை மனிதர் யாரும் ஏறியிராத உயரம் அது.

இனி கடைக்கு வருவோம். பையின் மீது பெரிதாகத் தெரியும் ஓர் எண் ஃபில் பவர்: 550, 650, 800, சிலவற்றில் 900. ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி, உருளைக் குழாயில் மெல்லிய எடையின் கீழ் எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதே அந்த எண். அது தூவியின் தரத்தைச் சொல்லும். பையின் கதகதப்பைச் சொல்லாது. கதகதப்பு தெரிய வேண்டுமானால் உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். 800 ஃபில் பவரில் 600 கிராம் இருந்தால் அது விரிந்து சுமார் 277 லிட்டர் இடத்தை நிரப்பும். 600 ஃபில் பவரில் 700 கிராம் போட்டாலும் 243 லிட்டர்தான் வரும். முதல் பை எடையும் குறைவு, காற்றும் கூடுதல். ஆனால் 800 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு உள்ளே 300 கிராம் மட்டும் அடைத்த பையும் விற்பனையில் உண்டு. கோடை இரவுக்கு அது அருமையான பை. பனியில் அது போதாது. அடைத்த தூவியின் எடையைச் சொல்லாத பையை நான் பரிந்துரைப்பதில்லை.

90/10, 80/20 என்றும் எழுதியிருக்கும். முதல் எண் தூவியின் பங்கு, இரண்டாவது சாதாரண இறகின் பங்கு. இறகு கூடக் கூட எடை ஏறும், விரிவு குறையும்.

இதைவிட முக்கியமானது வெப்பநிலை எண். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவில் 2002-இல் வந்த இஎன் 13537 என்ற தரமுறையும், பிறகு அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ்ஓ 23537 தரமுறையும் பைகளை ஒரே விதமாகச் சோதிக்கின்றன. சூடேற்றிய மனித உருவப் பொம்மைக்கு உள்ளாடை அணிவித்து, பைக்குள் வைத்து, தரையில் விரிக்கும் மேட் மேல் கிடத்தி, குளிர் அறையில் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். அதிலிருந்து கணக்கிட்டுச் சொல்லும் எண்களில் மூன்று நமக்கு முக்கியம். ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்திப் படுத்து நன்றாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது சராசரி ஆண் ஒருவர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு, விழிக்காமல் எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் எல்லை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதில் தூக்கத்துக்கே இடமில்லை. சராசரிப் பெண் ஆறு மணி நேரம் உறைந்து சாகாமல் இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். அதற்குள் விரல்கள் பனிக்கடியில் போகலாம்.

ஒரே பையில் கம்ஃபர்ட் மைனஸ் 6, லிமிட் மைனஸ் 13, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 32 என்று இருப்பது சாதாரணம். விளம்பரம் இதில் எந்த எண்ணைப் பெரிதாகப் போடும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் ஒன்றை மட்டுமே, ஆணாக இருந்தாலும். சோதனைப் பொம்மை எட்டு மணி நேரம் ஏறி வந்ததில்லை. உயரத்தில் பசி மந்தித்து அரை வயிற்றோடு படுத்ததுமில்லை. களைத்து, சரியாகச் சாப்பிடாத உடம்பு உண்டாக்கும் வெப்பம் குறைவு. போகும் இடத்தில் இரவு எவ்வளவு குளிரும் என்று விசாரித்து, அதைவிட ஐந்து டிகிரி கூடுதலாகத் தாங்கும் கம்ஃபர்ட் எண்ணைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். சூடு அதிகமானால் ஜிப்பைத் திறந்துகொள்ளலாம். குளிர் அதிகமானால் திறக்க ஒன்றுமில்லை.

பையின் வடிவமும் இதே காற்றுக் கணக்குதான். உள்துணியையும் வெளித்துணியையும் சேர்த்து நேரடியாகத் தைத்திருந்தால், தையல் போன கோடெல்லாம் தூவியே இல்லாத இடம். வரி வரியாகக் குளிர் உள்ளே வரும். இரண்டு துணிகளுக்கும் நடுவே வலைத்துணியால் தடுப்புச் சுவர் எழுப்பி, பெட்டி பெட்டியாக அறை பிரித்திருக்கும் பையே குளிர்காலத்துக்கு ஏற்றது. ஜிப் நெடுக உள்பக்கம் தூவி அடைத்த ஒரு குழாய் ஓட வேண்டும். கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும் பட்டையும் தலையை மூடும் முக்காடும் வேண்டும். கழுத்துப் பட்டை இல்லாவிட்டால் புரளும்போதெல்லாம் சூடான காற்று வெளியே பாயும். தோளிலும் இடுப்பிலும் பை மிகவும் இறுக்கினால் உள்ளிருந்து உடம்பே தூவியை நசுக்கிவிடும். மிகத் தளர்வாக இருந்தால் வெற்றிடத்தைச் சூடாக்குவதில் உடம்பின் வெப்பம் வீணாகும். கடையில் உள்ளே படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மேட்டைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. முதுகுக்கு அடியில் இருக்கும் தூவி உடல் எடையில் நசுங்கி, காற்றெல்லாம் வெளியேறி, துணியளவு மெலிந்துவிடுகிறது. ஆகவே கீழ்ப்பக்கத்தில் விலை உயர்ந்த பை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. தரைக்குப் போகும் வெப்பத்தைத் தடுப்பது மேட்தான். அதன் தடுப்புத் திறனை ஆர்-வேல்யூ என்ற எண்ணில் சொல்கிறார்கள். சாதாரண ஃபோம் மேட்டுக்கு 2 அளவில் இருக்கும். பனிமேல் படுக்க 5 வேண்டும். நல்ல செய்தி, இரண்டு மேட்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்களும் கூடிவிடும். பணம் குறைவாக இருந்தால் பையில் ஒரு படி இறங்கி, மேட்டில் ஒரு படி ஏறுவதே அறிவு.

இனி ஈரம். நனைந்த தூவியின் இழைகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். விரிவு போய்விடும், காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். பாலியெஸ்டர் இழை அடைத்த பைகளுக்கு இந்தப் பலவீனம் மிகக் குறைவு. நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு மிஞ்சும், சீக்கிரம் உலரும், விலையும் மலிவு. ஆனால் அதே கதகதப்புக்கு எடையும் பருமனும் கூடும். மடக்கி மடக்கி வைத்தால் சில ஆண்டுகளில் சோர்ந்தும் போகும். தூவிப் பையை ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும்.

எனவே எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது தேர்வு. லடாக்கில் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின்மேல் நடக்கும் சாதர் பயணத்தில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும், ஆனால் காற்று வறண்டது. அங்கே தூவிக்கு நிகர் இல்லை. உத்தராகண்டின் கேதார்காந்தாவில் குளிர் அவ்வளவு இல்லை என்றாலும் ஈரப் பனி விழும். கூடாரத்தின் உள்சுவரில் மூச்சு உறைந்து, காலையில் பையின்மேல் உதிரும். அங்கும் தூவி சரிதான், ஆனால் மேலுறை நீர் தாங்கும் துணியாக இருக்க வேண்டும். மழைக்காலத்தை ஒட்டி, ஈரம் கசியும் பள்ளத்தாக்குகளில் நடக்கப் போகிறவருக்கு நான் பாலியெஸ்டர் பையையே சொல்வேன்.

எங்கே போனாலும் மூக்கையும் வாயையும் பைக்கு வெளியே வைத்துத் தூங்குங்கள். குளிரில் முகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளத் தோன்றும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு மூச்சிலும் பையை நீங்களே நனைக்கிறீர்கள். தலைக்குக் கம்பளிக் குல்லாயும் முகத்துக்கு மெல்லிய துணியும் போதும். வியர்த்த உடையோடு உள்ளே போகாதீர்கள், உலர்ந்த ஒரு ஜோடியைத் தூங்குவதற்கென்றே வைத்திருங்கள். உடையில்லாமல் படுத்தால்தான் பை சூடாகும் என்று மலை முகாம்களில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு, உலர்ந்த உடை இன்னோர் அடுக்குக் காற்று, அவ்வளவுதான். காலையில் வெயில் ஏறியதும் பையை உள்வெளியாகத் திருப்பிப் பாறைமேல் விரித்துவிட்டு அதன் பிறகு தேநீர் குடியுங்கள். கேப் க்ரோஸியரில் அந்த மூவருக்கும் கிடைக்காத ஒன்று இந்த வெயில்.

தூவி எங்கிருந்து வருகிறது என்பதையும் நினைக்க வேண்டும். பெரும்பகுதி இறைச்சிக்காக வளர்க்கும் பறவைகளிடமிருந்து வருவது. உற்பத்தியில் சீனா முதலிடம். உயிரோடிருக்கும் பறவையிடமிருந்து பிடுங்கும் கொடுமையும் நடந்திருக்கிறது. அதற்கு எதிராக 2014-இல் வந்ததுதான் ஆர்டிஎஸ் என்ற சான்று முறை. அந்த முத்திரை இல்லாத பையை வாங்காமல் விடுவது நம்மால் முடிகிற காரியம். ஐஸ்லாந்தில் ஈடர் வாத்துகள் தம் கூட்டில் தாமே உதிர்த்த தூவியைச் சேகரிக்கிறார்கள். பறவைக்குத் துன்பமில்லை, ஆனால் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது.

வீட்டில் பையைச் சுருட்டி அமுக்கிய நிலையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு உலர்ந்த அலமாரியில் வையுங்கள். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அவ்வப்போது நிழலில் காற்றாட விரிப்பது நல்லது. துவைத்தால் கட்டி எல்லாம் பிரியும்வரை முழுவதும் உலர்த்த வேண்டும்; அதற்கு நாள் கணக்கில்கூட ஆகலாம்.

வாழ்க்கையில் ஒருமுறை போகிறவர் வாங்கவே வேண்டாம். லேவிலும் காத்மாண்டுவின் தமேலிலும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் பார்த்து எடுங்கள். பையை உறையிலிருந்து எடுத்து, உதறி, அரை மணி நேரம் விரித்துப் போடச் சொல்லுங்கள். எழும்பாமல் தட்டையாகவே கிடந்தால் வேண்டாம். பிறகு விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். தூவி ஓரமாக ஒதுங்கி வெளிச்சம் நேராகத் தெரிகிற அறைகள் நிறைய இருந்தால் அந்தப் பையும் வேண்டாம். மோந்து பாருங்கள், பூஞ்சை வாடை அடித்தால் உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது. ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை ஓட்டுங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அடுத்த பையையும் இறக்கச் சொல்லுங்கள்.