மலையில் போட்ட உரம் ஆற்றில் என்ன செய்யும்?

மழை பெய்தால் மலையில் போட்ட உரம் எங்கே போகுது? கரைந்து கானில் இறங்கி ஆற்றுக்குத்தான் போகிறது. மாட்டுச் சாணமும் மலசலகூடக் கழிவும் அப்படியே.

உரத்திலுள்ள நைதரசனும் பொசுபரசும் கொழுந்தை வளர்ப்பதுபோல, தேங்கிய தண்ணீரில் பாசியையும் வளர்க்கும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் குறைந்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், மூச்சுக்குத் தவிக்குது என்று அர்த்தம். பிறகு செத்து மிதக்கும்.

நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் இருந்து வரும் தண்ணீர் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேருகிறது. 1991இல் அங்கே நீலப்பச்சைப் பாசி பெருகியது. இந்தப் பாசியில் சில வகை நஞ்சுள்ளது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

ஆகவே, பெரிய மழை வரும் நேரம் மரக்கறிப் பாத்திக்கு உரம் போடாதீங்க. உரச் சாக்கை ஆற்றில் கழுவாதீங்க. சாணத்தைக் கான் ஓரம் குவிக்காமல் குழியில் போட்டு மூடுங்க. பச்சையாகப் பாசி படர்ந்த தண்ணீரில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீங்க, குடிக்கவும் எடுக்காதீங்க. மேலே நாம் விடும் தண்ணீரைத்தான் கீழே இன்னொரு தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்கிறாள்.